எடுப்பு எத்தனை மணிக்கு?

கார்த்திகை 4, ஞாயிறு

விடாத மழை. மூர்த்தியின் மாடி அறையில், அதுதான் ரேடியோ அறை, இன்று இருந்தவர்கள்: மூர்த்தி. என் மாப்பிள்ளை தனபால், என் தம்பி மகனும் அவன்தான். குமணன்சாவடியிலிருந்து வந்த பெண் வீட்டு மாமா, சொட்டச் சொட்டக் குடையை உள்ளேயே கொண்டு வந்தவர். எதிர் வீட்டுக் குப்பம்மா, அவளை யாரும் கூப்பிடவில்லை. பேத்தி வள்ளி. நான். அப்புறம் என் மகள் செல்வி, டேப்பில்.

எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

விஷயம் இது. வருகிற ஞாயிறு செல்விக்கு வருஷத் திதி. தனபாலுக்கு இரண்டாம் கல்யாணம் பேசுகிறார்கள். பேசட்டும். வயசு சின்னது, வள்ளிக்கும் ஒருத்தி வேண்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. இந்த மாமா வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வந்து, முதலில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கடை ரேடியோவில் ஒரு பெண் குரல் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறது. யார் என்று கேட்டாராம். "செல்வி. நம்ம தனபாலு சம்சாரம்" என்றானாம் டீக்கடைக்காரன். டீயைக் கீழே போட்டுவிட்டார்.

மாமா: "இன்னாங்க இது, மொத சம்சாரம் செத்துப்போச்சின்னு சொன்னீங்க. அது தெரு பூரா பேசிகினு கீது. எங்க பொண்ணு எப்படிங்க அந்த ஊட்ல வெளக்கேத்தும்?"

தனபால்: "அது பழைய டேப்புங்க."

"வியாழக்கெயம செத்தவரு பேரு பழைய டேப்புல எப்படிங்க வரும்?"

மூர்த்தி ஒயரைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

குப்பம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா. "செல்வி செத்தத ரேடியோல சொல்லவே இல்லீங்களே. சொன்னாதான இந்தத் தெரு நம்பும். அதுவும் செல்வி வாயால சொல்லணும்."

"அப்ப சொல்லச் சொல்லுங்க" என்றார் மாமா. செத்தவளைத்தான். கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

தனபால் என்னைப் பார்த்தான். "அத்தே..."

முடியாது என்றேன். போன வருஷம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

குடைத் தண்ணீர் ஓடி மிஷினுக்கு அடியில் போயிற்று. கை காட்டினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.


கார்த்திகை 5, திங்கள்

துணி காயவில்லை. அரிசி ஊறப்போட்டேன், மாவு மிஷினில் கரண்ட் இல்லை. ஊறிப் புளித்துக் கிடக்கிறது.

இந்த ரேடியோ வந்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். குப்பம்மா புருஷன் தானே ஆரம்பித்த மாதிரி பேசுகிறான். பொய். அவன் மூங்கில் பிடித்தான், அவ்வளவுதான். அதையும் கோணலாகப் பிடித்தான்.

மூர்த்திக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ரேடியோ பாகம் செய்கிற கம்பெனி. அதைப் பூட்டிவிட்டார்கள். அந்த நாளில் சாவு, மண்ணெண்ணெய், கோயில் கூழ் எல்லாம் ஆட்டோவில் மைக் குழாய் கட்டித்தான் சொல்வது. பரீட்சை நேரம் என்று போலீஸ் குழாயை நிறுத்திவிட்டது. சும்மா இருந்த மூர்த்தி ஒரு பெட்டி செய்தான். மூங்கிலில் அலுமினியக் கம்பி. பேசினால் இந்தப் பக்கம் ரயில் கேட், அந்தப் பக்கம் ஏரிக்கரை வரை கேட்கும். தாண்டினால் வெறும் இரைச்சல்.

கேட்பதற்கும் அவனே வீட்டுக்கு ஒரு ரேடியோ செய்து கொடுத்தான். பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள். வேறு ஸ்டேஷன் எடுக்காது. நிறுத்துகிற சுவிட்சும் இல்லை, அதற்கு வேறு செலவா என்று விட்டுவிட்டான். பேச்சு வேண்டாம் என்றால் பேட்டரி கட்டையைப் பிடுங்க வேண்டும். யாரும் பிடுங்குவதில்லை. பேச்சு இல்லாத நேரத்தில் டப்பா உஸ் என்று மூச்சு விட்டபடி மாடத்தில் கிடக்கும். எல்லா வீட்டிலும்.

முதலில் மூர்த்தி பேசினான். திக்கினான். ஜனம் சிரித்தது. அப்புறம்தான் செல்வி. பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்தாள். சண்டை போட்டேன், பொம்பளப் புள்ள குரலு ஊரு பூரா கேக்கணுமா என்று. "கேக்கட்டுமே. மூஞ்சியா தெரியுது?" என்றாள். அந்த மாசம் பூரா அவளோடு பேசவில்லை. அவள் ரேடியோவில் என்னோடு பேசினாள். "முனை வீட்டு அம்மா, தண்ணி லாரி வருது, கோபம் அப்புறம், குடம் முதல்ல." தெருவே சிரித்தது. குடம் எடுத்துப் போனேன்.

கல்யாணம் ஆகியும், வள்ளி பிறந்தும், இடுப்பில் குழந்தையோடு போய்ப் பேசினாள்.

ஒரு தரம் ஜீப்பில் வந்து லைசென்ஸ் கேட்டார்கள். பெட்டியைத் தூக்கிப் போனார்கள். மூர்த்தி வேறு பெட்டி செய்தான். காட்டிக்கொடுத்தவன் கேபிள்காரன். மறக்கவில்லை.

ஒரு தரம் செல்வி ஊரில் இல்லாதபோது தறிக்காரப் பெருமாள் செத்துப்போனார். மூர்த்தி திக்கித் திக்கிச் சொன்னான். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். பிணம் இருக்கிற தெருவில் எடுப்பு ஆகிறவரை யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம், எங்கள் வழக்கம் அது. அன்றைக்கு எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. பெருமாளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வழி நெடுக வெங்காயம் வதக்குகிற வாசனை. அவர் மகன் இன்றுவரை இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. அன்று முதல் ஒரே பேச்சு. செல்வி சொன்னால் சாவு. அவள் சொல்லவில்லையா, ஆள் சாகவில்லை.

போன கார்த்திகையில் செல்வி. ரத்தம் கெட்டுப்போயிற்று என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. கொட்டுகிற மழை, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றேன். ரேடியோவில் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். என் மகள் பேர் அந்த வரிசையில் வரக் கூடாது.

வரவில்லை. அதனால்தான் தெருவில் அவள் இன்னும் இருக்கிறாள்.


கார்த்திகை 7, புதன்

காலையில் இஸ்திரி போடுகிற கண்ணையன் போய்விட்டார். மூச்சிரைப்பு. அவர் சம்சாரம் அழுகிற சத்தம் சந்து முழுவதும் கேட்கிறது. எதிரில் குப்பம்மா அப்பளம் பொரித்துக்கொண்டு இருக்கிறாள்.

"ஏன்டி, காது கேக்கல உனக்கு?"

"கேக்குது யக்கா. செல்வி இன்னும் சொல்லலியே."

அப்புறம் டப்பா பேசியது. செல்வி குரல்.

அன்பான தெருவாசிகளுக்கு. இஸ்திரி. கண்ணையன். காலமானார். எடுப்பு. நாலு. மணிக்கு.

மூர்த்தி செய்கிற வேலை இது. அவள் முன்பு பேசிய டேப்பைப் பிளேடால் வார்த்தை வார்த்தையாக நறுக்கி, வேண்டியதை எடுத்துச் சேர்த்து ஒட்டுகிறான். அவள் போன பிறகு விழுந்த முதல் சாவுக்குத் தெருக்காரர்கள்தான் போய்க் கெஞ்சினார்கள். தெருவில் எல்லோர் பேரையும் ஏதாவது ஒரு நாள் அவள் சொல்லியிருக்கிறாள். ஆடு தொலைந்தது, ரேஷன் கார்டு கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் பரிசு. பேர் இருக்கிறது. மீதி வார்த்தையும் இருக்கிறது.

ஒவ்வொன்றும் எந்த நாளில் பேசியது என்று எனக்குத் தெரியும். "இஸ்திரி" என்கிறபோது காக்கை கத்துகிறது, அது துணி மூட்டை மாறிப்போன அன்று. "கண்ணையன்" அவர் ரேஷன் கார்டு கேட் பக்கம் கிடந்த அன்று. "நாலு" என்கிறபோது பின்னால் மழை. அடுத்த வார்த்தையில் மழை இல்லை. "காலமானார்" என்கிறபோது மட்டும் ஒரு குழந்தை அழுகிறது. எந்தச் சாவுக்கும் அதே அழுகை.

வள்ளி டப்பாவில் காதை வைத்துக் கேட்டாள். "யாரு ஆயா அழுவுறது?"

"நீதான்டி. கைக்கொயந்த நீ."

"ஏன் அழுவுறேன்?"

"பசி."

யோசித்தாள். "இன்னிக்குமா பசி?" என்றாள்.

குப்பம்மா அப்பளச் சட்டியை இறக்கி, அடுப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் மார்பில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

சாவு வீட்டில் பின் சந்துப் பொன்னி ஆயா என் கையைத் தடவிப் பிடித்தாள். அவளுக்குக் கண் தெரியாது. "உன் பொண்ணுக்குத் தொண்ட கட்டிகினு கீது. வார்த்த வார்த்தயா நின்னு நின்னு வருது. மொளகு ரசம் வச்சுக் குடு" என்றாள்.

வைக்கிறேன் என்றேன்.

எடுப்பு ஆன பிறகு வைத்தேன். கொஞ்சம் தூக்கலாக, செல்விக்குப் பிடிக்கிற மாதிரி. வள்ளி குடித்தாள்.


கார்த்திகை 8, வியாழன்

மழை விட்டிருக்கிறது. மூர்த்தி அறைக்குப் போனேன். தனபாலும் கு.சாவடி மாமாவும் நேற்றுக்கூட வந்து நெருக்கினார்களாம்.

அறையில் குறுக்கே கயிறு. துணிக் கிளிப்பில் டேப் துண்டுகள், பழுப்பு நாடா, விரல் நீளம். ஒவ்வொன்றிலும் தெருவில் ஒருத்தர் பேர். ஜன்னல் காற்றில் ஒன்றோடு ஒன்று உரசிச் சரசரக்கிறது. என் பேரும் அதில் எங்கேயோ இருக்கும். கேட்கவில்லை.

"இன்னாடா, என் பொண்ண நறுக்க ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல பெரிம்மா."

"தனபாலு கேட்டானா?"

"கேட்டாரு. இதுக்கு மட்டும் பிளேடு எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நறுக்கவும் மாட்டேன், ஒட்டவும் மாட்டேன்." இதைச் சொல்லும்போது அவன் திக்கவில்லை. கண்ணில் தண்ணி.

நம்பினேன். வரும் வழியில் ரயில் கேட் பக்கம் கீரை வாங்கினேன். முளைக்கீரை, பாதி அழுகல். அவளிடம் இனி வாங்கக் கூடாது.


கார்த்திகை 10, சனி

நாளை திதி. செல்விக்குப் புடவை எடுத்தாயிற்று, அரக்கு. வாழை இலை, வெற்றிலை, கத்தரிக்காய், மொச்சை. அதிரசம் போட நேரம் இல்லை.

தனபால் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் புடவையைத் தொட்டுப் பார்த்தான். "நாளைக்கி எதுனா கேட்டா கோச்சிக்காத அத்தே." என்னடா கேட்கும் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உட்காரவில்லை நான். பையை எடுத்துக்கொண்டு சந்தில் வீடு வீடாகப் போய் டப்பாவில் இருக்கிற பேட்டரி கட்டையைப் பிடுங்கினேன். யாரும் தடுக்கவில்லை. என் வாய்க்குப் பயம், தெரியும்.

குப்பம்மா: "இன்னா யக்கா, பேட்ரி ஏவாரமா?"

"ஆமா. குடு."

"நாளைக்கி எவனாச்சும் செத்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நீயே போயிட்டா உனக்குத் தெரியவே தெரியாது. குடு."

கொடுத்தாள். என் வீட்டு டப்பாவையும் பிடுங்கினேன். உஸ் சத்தம் நின்றது. வீடு இவ்வளவு பெரிதா என்று இருந்தது. வள்ளி டப்பாவைக் குலுக்கி, "அம்மா தூங்குதா?" என்றாள்.


கார்த்திகை 11, ஞாயிறு

தூறல். படையல் போட்டுக் காக்கைக்கு வைக்கப் பின்பக்கம் போனேன். காக்கை வரவில்லை. அப்போது வந்தது குரல். எங்கள் சந்தில் இல்லை, என்னிடம்தான் கட்டைகள் இருக்கின்றனவே. பின் சந்திலிருந்து, டீக்கடையிலிருந்து, ஏரிக்கரைப் பக்கமிருந்து, கோயில் பக்கமிருந்து. சுற்றிலும் இருந்து, ஒரே வாயாக.

"அன்பான தெருவாசிகளுக்கு. தனபால் மனைவி, வள்ளியின் அம்மா, செல்வி காலமானார்."

நிற்கவில்லை. வெட்டு இல்லை. ஒரே மூச்சு. "காலமானார்" என்கிற இடத்தில் குழந்தை அழவில்லை. பின்னால் மின்விசிறி கடகடக்கிற சத்தம். தூரத்தில் ஒருத்தன், "பன்னு, பாலு, பன்னு, பாலு." அவனை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணிப் பால் விற்றவன்.

"எடுப்பு," என்றாள்.

அப்புறம் ஒன்றும் இல்லை. விசிறி. பன்னு, பாலு. அவள் மூச்சு மட்டும். ஒரு வார்த்தை சொல்லுகிற இடம் அப்படியே காலியாக விட்டிருந்தாள். அது மட்டும் அவளுக்குத் தெரியாது, பாவி.

"மணிக்கு. எங்கம்மா வாசலில் யாரையாவது ஏசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பை அணைத்த எல்லோருக்கும் நன்றி."

காக்கைச் சோறு கையில். எவ்வளவு நேரம் நின்றேனோ.

முன்பக்கம் வந்து பார்த்தால் ஜனம். ஈரத் துணியோடு கண்ணையன் சம்சாரம், அவளுக்கே தீட்டு, அவளும் வந்திருக்கிறாள். பொன்னி ஆயாவைக் கைபிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். மாலைகள். என் சந்துக்காரர்களும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். பொன்னி ஆயா தரையைத் தடவினாள், உடம்பு எந்தப் பக்கம் கிடத்தியிருக்கிறது என்று. படையலில் இருந்த அரக்குப் புடவை கையில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஓ என்று வைத்தாள் ஒப்பாரி. உடனே எல்லோரும் அழுதார்கள். போன வருஷம் வந்து துக்கம் கேட்டார்களே, இதே ஜனம்தான். அன்று ஒருத்தி கண்ணிலும் தண்ணி இல்லை.

கு.சாவடி மாமாவும் வந்தார். பார்த்துவிட்டுப் போக வந்தவர். குப்பம்மா அவரைத் துண்டைத் தோளிலிருந்து எடுக்கச் சொல்லி மூலையில் உட்கார வைத்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை அவரால்.

ஒவ்வொருத்தராக என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்கள். "எடுப்பு எத்தினி மணிக்கு? செல்வி சொல்லாம உட்டுச்சே."

எதை எடுப்பது? சொல்லிப் பார்த்தேன், போன வருஷமே ஆயிற்று என்று. "ஆமா ஆமா" என்றார்கள். யாரும் நகரவில்லை. அடுப்பு மூட்டவும் போகவில்லை. மத்தியானம் தாண்டியது. குழந்தைகள் சிணுங்கின. சொரசொரவென்று மழை. எல்லாக் கண்ணும் உள் அறைக் கதவில், இப்போது தூக்குவார்கள், இப்போது தூக்குவார்கள் என்று. பார்த்துப் பார்த்து நானும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"ஆயா, பசிக்குது" என்றாள் வள்ளி. படையலை எடுத்துக் கொடுக்கப் போனேன். குப்பம்மா கையைப் பிடித்தாள். "எடுக்காம எப்படி யக்கா துன்ன வைப்ப?"

மூர்த்தி அறைக்கு ஏறினேன். தனபாலும் அங்கேதான். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"நறுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியேடா."

"நறுக்கல பெரிம்மா. அது செல்வி பேசுனது. நீங்க திருவேற்காட்டுக்கு மாவெளக்கு போடப் போனீங்களே, அன்னைக்கி டேப் எடுத்துகினு வரச் சொல்லிச்சி. கட்டில்ல சாஞ்சிகினே பேசிச்சி. நான் சொல்லாட்டி தெருவுல நம்ப மாட்டாங்கன்னு சிரிச்சிச்சி. நீங்க வேணான்னதால ஒரு வருசம் வச்சிகினு இருந்தேன். திதிக்கு மேல என்னால வச்சிக்க முடியல."

"அவளுக்குத் தெரியுமா? பொழைக்க மாட்டோம்னு?"

தனபால் சொன்னான். "டாக்டரு மொதல்லயே சொல்லிட்டாரு அத்தே. எனக்கும் அதுக்கும் தெரியும். உனக்கு மட்டும் சொல்ல வேணாம்னு கையப் புடிச்சிகினு சொல்லிச்சி."

மைக்கைக் கொடு என்றேன். இவ்வளவு வருஷத்தில் நான் தொட்டதில்லை. சின்னதாக, சில்லென்று இருந்தது.

"நான் செல்வி அம்மா பேசுறேன். எடுத்தாச்சி. என் பொண்ண எடுத்தாச்சி. அல்லாரும் ஊட்டுக்குப் போயி அடுப்பப் பத்த வையுங்க."

ஜன்னலில் பார்த்தேன். ஜனம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போயிற்று. முதலில் பொன்னி ஆயா வீட்டுக் கூரையில் புகை. அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் தெரு முழுவதும். மழையில் மேலே ஏற முடியாமல் கூரையோடு படிந்து நின்றது.


கார்த்திகை 12, திங்கள்

வெயில். வாசல் கழுவி விட்டேன். மாலை எல்லாம் குப்பையில்.

டப்பா பேசவில்லை. மூர்த்தி கம்பியை இறக்கிவிட்டான். இனி நடத்த மாட்டானாம். கயிற்றில் இருந்த துண்டுகளைப் பேர் பார்த்து அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டான். என் பேரும் வந்தது. "அம்மா" என்றுதான் இருக்கிறதாம். ஒட்டிக் கேட்கவில்லை.

தையில் தனபாலுக்குக் கல்யாணம். மாமா ஒத்துக்கொண்டார். வள்ளி என்னிடம்தான். அதில் பேச்சு இல்லை.

கணக்குப் பார்க்கிறேன். தனபால், புருஷன், அவள் பேச்சைத் தட்ட முடியாதவன். விட்டுவிட்டேன். மூர்த்தி, பாவம். டாக்டர் சொன்னது குப்பம்மாவுக்கும் முன்பே தெரியுமாம், இன்று காலை வாயை விட்டாள். ஒரு மாசம் பேச மாட்டேன், அப்புறம் விடலாம். டாக்டரை விட்டுவிட்டேன். கேபிள்காரனைக்கூட விட்டுவிடுவேன் போலிருக்கிறது.

கூடவே இருந்தேன். தலை வாரினேன், கஞ்சி ஊட்டினேன், பொழச்சிக்குவ பொழச்சிக்குவ என்று தினம் சொன்னேன். ஆமாம்மா ஆமாம்மா என்றாள். நான் கோயிலுக்குப் போகிறவரை காத்திருந்து ஊருக்கே சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் கிடத்தி, நான் அழுதிருப்பேன்.

ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

செல்வி.